பள்ளிக்குச் செல்லும் வழி: திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தையும் சென்னையையும் முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கல்வி வரலாறு பாடத்திட்டம், பயிற்றுமொழி, சேர்க்கை, சத்துணவு ஆகியவற்றை மையப்படுத்தியே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள வழி அவ்வரலாற்றில் தனிப்பொருளாக இடம்பெறுவது அரிது. சிறு குழந்தைகள் பள்ளிக்கு நடந்து சென்ற நிலையிலிருந்து வாகனத்தில் கொண்டு விடப்படும் நிலைக்கு மாறியதை இக்கட்டுரை திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தையும் சென்னை மாநகரையும் களங்களாகக் கொண்டு ஆராய்கிறது. இம்மாற்றத்தைப் பெற்றோரின் வசதி விருப்பம் மட்டுமே தோற்றுவிக்கவில்லை. அருகமைப் பள்ளி என்னும் கோட்பாடு தளர்ந்ததும், தெருவின் தன்மை மாறியதும் இதன் அடிப்படைக் காரணங்கள் என்பது கட்டுரையின் கருதுகோள். அரசு தூரத்தை அளந்த அளவுக்கு வழியின் தன்மையை அளக்கவில்லை என்பதும், அதற்கான சட்ட இடம் ஏற்கெனவே உள்ளது என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்

அருகமைப் பள்ளி, திண்ணைப் பள்ளி, பொதுத் தெரு, மதிய உணவு, கல்வி உரிமைச் சட்டம், பள்ளி வாகனம், திருவாலங்காடு, திருத்தணி.

முன்னுரை

திருவாலங்காடு நடையோடு தொடர்புடைய ஊர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து அடைந்த தலம் என்று பெரியபுராணம் இதனைப் போற்றுகிறது. அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சிய ஞானசம்பந்தர் அருகில் தங்கியதையும் அந்நூல் கூறுகிறது. 1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் இக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட செய்தியைத் தருகின்றன. கொடைநிலத்தின் எல்லையைப் பிடியானை நடந்து சூழ வரையறுக்கும் முறை அக்காலத்தில் இருந்தது. ஓர் ஊரின் பரப்பு நடையால் அறியப்பட்ட காலம் அது.

ஊரைக் குழந்தை முதலில் அறிவதும் நடையால்தான். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரை தினமும் செல்லும் வழியே அதன் முதல் நிலப்படம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இவ்வழியும் அதைக் கடக்கும் முறையும் பெரிதும் மாறிவிட்டன. நகரங்களில் சிறு குழந்தையைத் தனியே நடக்க விடுவது பொறுப்பின்மை எனக் கருதப்படுகிறது. அதே நகரத்தின் மற்றொரு பகுதிக் குழந்தைகளுக்கு நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இவ்விரு நிலைகளும் ஒரே வரலாற்றின் இரு விளைவுகள். அவ்வரலாறு இங்குக் காலவரிசையில் நோக்கப்படுகிறது.

1. திண்ணைப் பள்ளியும் தெருவின் எல்லையும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்தின் கல்வி நிலையைக் குறித்து ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டார். 1826 மார்ச் 10 நாளிட்ட அவரது குறிப்பு, 12,498 பள்ளிகள் இருந்ததாகவும் மக்கள்தொகை 1,28,50,941 எனவும் தெரிவிக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவர் கணக்கிட்டார். தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபின் அவை பரவலாக விவாதிக்கப்பட்டன. பள்ளிகளின் எண்ணிக்கையும் மாணவர்களின் சாதிப் பகுப்பும் அவ்விவாதத்தில் முதன்மை பெற்றன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்னும் விகிதம் தூரத்தைக் குறித்தும் ஒன்றைச் சொல்கிறது. திண்ணைப் பள்ளி பெரும்பாலும் தெருவுக்குள் அல்லது அடுத்த தெருவில் இருந்தது. பள்ளிக்குச் செல்வது ஒரு பயணமாகவே இருக்கவில்லை.

பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன்படி மாணவர்கள் காலை ஆறு மணியளவில் பள்ளிக்கு வந்தனர். முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்பட்டது. இரண்டாவதாக வருபவனின் கையில் ஒரு சுழி இடப்பட்டது. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி. அடுத்தடுத்து வந்தவர்களுக்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே சென்றது. விடியலில் எழுந்து வந்த சிறுவர்களைத் துணைக்கு யாரேனும் அழைத்து வந்தனரா என்பதை அறிக்கை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. முந்தி வருவதற்குப் பரிசும் பிந்தி வருவதற்குத் தண்டனையும் வைக்கும் முறை, குழந்தை தன் முயற்சியால் தானே வந்து சேரும் என்னும் எண்ணத்தின்மேல்தான் நிற்க முடியும்.

2. தெரு யாருக்குத் திறந்திருந்தது

இந்த அண்மை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. திண்ணை யாருடைய தெருவில் இருந்தது என்பதே யார் பள்ளிக்கு வரலாம் என்பதைத் தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட சமூகக் குழந்தைக்குப் பள்ளி ஒரு பர்லாங்கு தொலைவில் இருந்தாலும் அவ்வழி மூடப்பட்ட வழியாகவே இருந்தது. 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்ததும், 1894இல் அடையாற்றில் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கியதும் இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளத் தக்கவை. ஊர்ப் பள்ளிக்குச் செல்லும் வழி அடைபட்டிருந்தமையால் பள்ளியே சேரிக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கைச் செய்தி இதற்கு நேரடிச் சான்று. கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில் தம் சாதி பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் படித்துக்கொண்டிருந்துவிட்டு மணி அடித்தபின் வகுப்புக்குள் செல்வதும், பள்ளி விட்டதும் உடன் பயில்வோர் வந்து சேர்வதற்குள் விரைந்து வீடு திரும்புவதும் அவரது வழக்கமாக இருந்தன. 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் இதனைப் பதிவு செய்துள்ளார். வகுப்பறையில் நிகழும் விலக்கலைக் குறித்து எழுதப்பட்டவை பல. வகுப்பறைக்கு முன்னும் பின்னும் உள்ள வழியில் ஒரு சிறுவன் தனியே சுமந்த அச்சத்தைப் பற்றிய பதிவுகள் சிலவே. அவற்றுள் இது முதன்மையானது.

அதே சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெருக்களையும் கிணறுகளையும் பொது இடங்களையும் எல்லாச் சமூகத்தாரும் பயன்படுத்தும் உரிமையைப் பற்றியது. அத்தீர்மானம் ஏற்கப்பட்டு அரசாணையாகவும் வெளியாயிற்று. கல்வி வரலாற்றில் இது வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை. தெருவில் நடக்கும் உரிமை இல்லாதவருக்குப் பள்ளியில் சேரும் உரிமை ஏட்டளவில் நிற்கும் என்பதால், இதனைத் தமிழகக் கல்விச் சட்டங்களின் வரிசையிலும் வைத்து எண்ணுதல் தகும்.

3. இருப்புப்பாதையும் எல்லையும்: திருத்தணி வட்டாரம்

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரையிலான தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 சூலை 1 அன்று திறக்கப்பட்டது. திருவாலங்காடு நிலையம் சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடைப்பட்ட இவ்வழியில் உள்ளது. ஊரும் கோயிலும் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அமைந்துள்ளன. நெடுந்தூரப் பயணத்தை எளிதாக்கிய இருப்புப்பாதை குறுந்தூர நடையை நீக்கவில்லை. வண்டியைப் பிடிக்க முதலில் நடக்க வேண்டியிருந்தது.

தொடக்கக் கல்விக்கு மேல் பயில விரும்பிய இவ்வட்டாரச் சிறுவர்கள் ஊரை விட்டுச் செல்ல நேர்ந்தது. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணனின் கல்விப் பயணம் இதனைக் காட்டுகிறது. திருத்தணியில் தொடக்கக் கல்வி, திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வாலாசாவில் உயர்நிலைக் கல்வி, வேலூரில் ஊரிசுக் கல்லூரி, பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என அது நகர்ந்தது. தொடக்கப் பள்ளி நடைத் தொலைவில், மேற்கல்வி விடுதித் தொலைவில் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்தின் நிலை. இடைப்பட்ட தூரத்தை நாள்தோறும் கடக்கும் ஏற்பாடு அன்று உருவாகவில்லை.

தூரத்தோடு மொழியும் சேர்ந்துகொண்டது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணி அதனுள் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின் தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழ்ந்த இப்பகுதி அம்மாநிலத்தில் இருந்தது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவும் படாஸ்கர் பரிந்துரையின் பேரிலும் திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இவ்விடைக்காலத்தில் தாய்மொழியில் கற்பிக்கும் பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது எல்லையோரக் குடும்பங்களின் உண்மையான கேள்வியாக இருந்தது. வட எல்லை ஊர்களில் கட்டணமின்றித் தமிழ் வகுப்புகள் நடத்திய மங்கலங்கிழாரின் பணி இங்கு நினைக்கத்தக்கது. அவரும் அவர் நிறுவிய அறநெறித் தமிழ்ச் சங்கமும் தமிழ் கற்பித்தலை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். குழந்தை பள்ளிக்கு நடக்க இயலாதபோது ஆசிரியர் குழந்தையை நோக்கிச் சென்ற வரலாறும் இவ்வட்டாரத்துக்கு உண்டு.

4. மைல் என்னும் அளவுகோல்

பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தை அரசின் பொறுப்பாக ஏற்கும் கருத்து, கட்டாயக் கல்வியோடு சேர்ந்து பிறந்தது. இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், மூன்று மைலுக்குள் பள்ளி இல்லையெனில் குழந்தை வராமைக்கு அது தக்க காரணம் என ஏற்றது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு மைல், அதற்கு மேற்பட்டோருக்கு மூன்று மைல் என நடைத் தொலைவை வகுத்தது. கட்டாயப்படுத்தும் அரசு, நடக்கக்கூடிய தூரத்தில் பள்ளியை வைக்கவும் கடமைப்பட்டது என்பதே இவற்றின் உட்கிடை.

தமிழகத்தில் இக்கருத்து காமராசர் ஆட்சிக்காலத்தில் செயல்வடிவம் பெற்றது. 1953இல் இராசாசி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. 1954இல் காமராசர் பொறுப்பேற்றபின் அது கைவிடப்பட்டது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்னும் நோக்கு வகுக்கப்பட்டது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி ஆணையமும் தொடக்கப்பள்ளிக்கு ஒரு மைல் அளவை வலியுறுத்தியதோடு, எல்லா வகுப்பாரின் குழந்தைகளும் ஒரே பள்ளியில் பயிலும் அருகமைப் பள்ளி முறையையும் பரிந்துரைத்தது. இவ்விரண்டாவது பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் நிகழ்ந்த மாற்றங்களின் வேர் இங்கேயே உள்ளது.

1956இல் மாநில அளவில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கும் நடைக்கும் உள்ள தொடர்பு போதிய கவனம் பெறவில்லை. இதன் முன்னோடி 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கப்பட்டது. பள்ளியில் உணவு இல்லாத நிலையில், வீட்டில் உண்ணும் குழந்தை காலையில் வந்து, நண்பகலில் திரும்பி, உண்டு, மீண்டும் வந்து, மாலையில் வீடு சேரும். ஒரு மைல் தொலைவில் உள்ள குழந்தைக்கு இது நாளொன்றுக்கு நான்கு மைல் நடை. பள்ளியில் உணவு கிடைத்தபோது அது இரண்டு மைலாகக் குறைந்தது. நண்பகலில் வீடு சென்ற குழந்தை பிற்பகலில் வராது போவதும் தடுக்கப்பட்டது. பசியைப் போக்கிய திட்டம் வழியையும் பாதியாக்கியது. 1982 சூலை 1இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இவ்வரிசையில் அடங்கும். காலை உணவுத் திட்டம் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 சூலை 15இல் விரிவுபடுத்தப்பட்டது, திருவாலங்காடு அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில்தான். இத்திட்டங்கள் யாவும் குழந்தை தன் ஊர்ப் பள்ளிக்கு நடந்து வருகிறது என்னும் அடிப்படையில் வகுக்கப்பட்டவை.

மேல்நிலை வகுப்புகளுக்கான தூரத்தை அரசு வேறு வழியில் எதிர்கொண்டது. மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை வழங்கப்பட்டது. 2001–02இல் பதினோராம் வகுப்புப் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டி 2005–06இல் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றதும் இதன் முன்வரலாற்றில் சேரும். 2006இல் தொடங்கிய பீகார் மிதிவண்டித் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிசீத் பிரகாசு ஆகியோர், மாணவியர் உயர்நிலைச் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததையும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊர்களில் பயன் மிகுந்ததையும் கண்டறிந்தனர்.

5. சென்னை: ரிக்‌ஷாவிலிருந்து வேனுக்கு

சென்னையில் குழந்தையை வாகனத்தில் பள்ளிக்கு அனுப்புவது புதிய வழக்கமன்று. வசதியுள்ள குடும்பத்துக் குழந்தைகள் குதிரை வண்டியிலும் கை ரிக்‌ஷாவிலும் சென்றனர். டிராம் 1895 முதல் 1953 வரை ஓடியது. கை ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டபின் சைக்கிள் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் அவ்விடத்தை நிரப்பின. ஒரே தெருவின் குழந்தைகளை ஒரே ரிக்‌ஷாக்காரர் ஆண்டுக்கணக்கில் ஏற்றிச் சென்ற முறையில் வாகனம் இருந்தபோதும் தெரு உறவு அறுபடவில்லை. அன்று வாகனம் சிலருக்கு வசதி. பெரும்பாலோருக்கு நடையே இயல்பு.

இந்நிலையை இரண்டு போக்குகள் மாற்றின. முதலாவது, பள்ளிகளின் பெருக்கமும் வகைப்பாடும். பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்த மெட்ரிகுலேசன் பள்ளிகள் 1970களின் இறுதியில் மாநில அரசின் கீழ் வந்தன. சிலவாக இருந்த அவை அடுத்த கால் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் பெருகின. ஆங்கில வழிக் கல்வியை நாடிய குடும்பங்கள் அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியைக் கடந்து தொலைவிலுள்ள தனியார் பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்பின. பள்ளி ஒரு தெருவின் நிறுவனம் என்னும் நிலை மாறி, தெரிவு செய்யப்படும் ஒன்றாயிற்று. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டம் பாடத்திட்டத்தை ஒன்றாக்கியது. பள்ளி செல்லும் வழிகளை ஒன்றாக்குவது அதன் நோக்கத்தில் இல்லை.

இரண்டாவது, இருசக்கர மோட்டார் வாகனத்தின் பரவல். 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1990களில் வந்த ஸ்கூட்டி போன்ற இலகு வண்டிகளும் நடுத்தரக் குடும்பத்தின் காலை நேரத்தை மாற்றின. குறிப்பாகத் தாய்மார் ஓட்டக்கூடிய வண்டி வந்தபின், குழந்தையைப் பள்ளியில் விடுதல் என்பது அவர்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகச் சேர்ந்தது. முன்பு குழந்தை தானே செய்த பயணம் இப்போது பெற்றோரின் உழைப்பாகவும் எரிபொருள் செலவாகவும் மாறியது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்னும் 2022ஆம் ஆண்டு விதிகளும் இவ்வழக்கத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளங்கள்.

தொலைதூரத் தனியார் பள்ளிகளுக்கு வேனும் பேருந்தும் இன்றியமையாதவை ஆயின. அவற்றை நெறிப்படுத்தும் விதிகள் ஓர் உயிரிழப்புக்குப் பின்னரே முழுமை பெற்றன. 2012 சூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் விழுந்து இறந்தார். சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. அதன் பின்னர் தமிழ்நாடு பள்ளிப் பேருந்துகள் ஒழுங்குமுறைச் சிறப்பு விதிகள் 2012இல் வெளியாயின. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், மாவட்ட அளவிலான ஆண்டாய்வு ஆகியன கட்டாயமாயின. வாகனத்தில் செல்லும் குழந்தையின் பாதுகாப்பு இவ்வாறு விதிகளாக வகுக்கப்பட்டது. நடந்து செல்லும் குழந்தைக்கு இதற்கு நிகரான விதித்தொகுப்பு எதுவும் உருவாகவில்லை. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. அது வரவேற்கத்தக்க முன்மாதிரி. ஆயினும் பள்ளி வழியைத் தனியே வரையறுக்கும் சட்டத்தின் வலிமை கொள்கைக்கு இல்லை.

6. யார் நடக்கின்றனர்

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017–18) இந்திய மாணவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கல்வி நிலையத்துக்கு நடந்தே செல்கின்றனர் என்று காட்டியது. மாணவரைவிட மாணவியரிடம் இவ்விகிதம் சற்று மிகுதி. ஆகவே நடை மறைந்துவிட்டது என்பது நகர்ப்புற நடுத்தர வகுப்பின் பார்வையே. நடை பெரும்பான்மையினரின் முறையாகத் தொடர்கிறது. மாறியிருப்பது நடப்பவரின் சமூக அடையாளம். முன்பு ஒரு தெருவின் பலவகைக் குழந்தைகளும் நடந்தனர். இன்று பெரும்பாலும் அரசுப் பள்ளிக் குழந்தையும் பெண் குழந்தையும் நடக்கின்றனர்.

நடக்கும் குழந்தை எதிர்கொள்ளும் தெருவும் மாறிவிட்டது. 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றோர் 32,825 பேர் என ஒன்றிய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. ஐந்தில் ஒருவர் என்னும் விகிதம் இது. இதில் ஒரு சுழற்சி செயல்படுகிறது. வாகனப் பெருக்கம் தெருவை அச்சத்துக்கு உரியதாக்குகிறது. அச்சம் மேலும் பல பெற்றோரை வாகனத்துக்குத் தள்ளுகிறது. பள்ளி வாயிலில் காலை எட்டரை மணிக்குத் திரளும் வண்டிகளே அங்கு நடந்து வரும் குழந்தைக்கு முதல் இடராகின்றன. தன் குழந்தையைக் காக்கத் தனித்தனியே எடுக்கப்படும் நியாயமான முடிவுகள், ஒன்றுசேரும்போது வாகனம் இல்லாத வீட்டுக் குழந்தையின் மேல் சுமையாக இறங்குகின்றன.

இச்சுழற்சி நகருக்கு மட்டும் உரியதன்று. திருவாலங்காடு ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கு அமைந்துள்ளது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் செல்லும் சாலைகளே ஊரகக் குழந்தைகளுக்கும் பள்ளி வழி. புறநகர் மின்தொடர் வண்டி திருவள்ளூரையும் அரக்கோணத்தையும் அண்மையாக்கியுள்ளது. தனியார் பள்ளி வேன்கள் சிற்றூர்களின் உட்தெருக்கள் வரை வருகின்றன. ஒரு மைல் கோட்பாட்டால் ஊருக்கு வந்த பள்ளி, மாணவர் குறைவால் இணைக்கப்படும் நிலைக்கு ஆளாகும்போது, எஞ்சிய குழந்தைகளின் வழி மீண்டும் நீள்கிறது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ் அத்தகைய குழந்தைகளுக்குப் போக்குவரத்துப் படியும் வழித்துணைப் படியும் உண்டு. படி தூரத்தை ஈடுசெய்யலாம், தெருவைச் சீர்செய்யாது.

7. பிற நாட்டு அனுபவம்

மேயர் ஹில்மனும் உடனாய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971இல் 80 விழுக்காடு. 1990இல் 9 விழுக்காடு. அக்காலத்தில் சாலையில் குழந்தைகளின் இறப்பு குறைந்திருந்தது. அதனைச் சாலை பாதுகாப்பாகிவிட்டதன் சான்றாகக் கொள்ளக் கூடாது, குழந்தைகள் சாலையிலிருந்து அகற்றப்பட்டதன் விளைவாகவே காண வேண்டும் என்பது அவ்வாய்வின் வாதம். அமெரிக்காவில் நடந்தும் மிதிவண்டியிலும் பள்ளி சென்றோர் 1969இல் 48 விழுக்காடு; 2009இல் 13 விழுக்காடு.

இப்போக்கு தவிர்க்க இயலாததன்று. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரம் 1970களிலேயே பள்ளி வழிகளைத் தனியே ஆராய்ந்து திருத்தத் தொடங்கியது. இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இல் பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் பள்ளித் தெருக்களை வாகனங்களுக்கு மூடியது. சப்பானில் பெரும்பாலான தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அருகமைப் பொதுப் பள்ளிக்கே செல்கின்றனர். பல ஊர்களில் மூத்த மாணவர் முன்செல்ல, வகுக்கப்பட்ட வழியில் அணியாக நடக்கின்றனர். செல்வமும் மோட்டார்த் தொழிலும் மிகுந்த ஒரு நாட்டில் இது நிலைத்திருப்பது, வாகனம் பெருகினால் நடை மறைந்தே தீரும் என்னும் முடிவை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

8. தூரமும் இடரும்: சட்டத்தின் இரு சொற்கள்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டர் என அருகமை எல்லையை வரையறுத்தன. தமிழ்நாட்டு விதிகள் 2011இல் வந்தன. இவ்வெல்லை செயல்படும் விதத்தில் ஒரு முரண் உண்டு. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இலவச இடத்துக்கு விண்ணப்பிக்கும் குழந்தை ஒரு கிலோமீட்டருக்குள் வாழ வேண்டும் என வேண்டப்படுகிறது. கட்டணம் செலுத்தும் குழந்தை எத்தனை கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் வேனில் வரலாம். அருகமை என்பது ஏழைக் குழந்தைக்கு நிபந்தனையாகவும், வசதியுள்ள குழந்தைக்குப் பொருளற்றதாகவும் ஆகிறது. கோத்தாரி ஆணையம் கருதிய அருகமைப் பள்ளி இரு சாராரையும் ஒரே வழியில் நடத்துவதை நோக்கமாகக் கொண்டிருந்தது.

எனினும் இவ்விதிகளில் மற்றொரு கூறும் உண்டு. 2010ஆம் ஆண்டு ஒன்றிய விதிகளின் 6ஆவது விதி, கரடான நிலப்பகுதி, நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை ஆகியவற்றோடு, வீட்டிலிருந்து பள்ளியை அடையும் வழியில் சிறு குழந்தைகளுக்கு நேரும் பொதுவான இடரையும் குறிப்பிட்டு, அவ்விடரைத் தவிர்க்கும் வகையில் எல்லையைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்கிறது. விதியை வகுத்தோர் மலையையும் ஆற்றையும் மனத்தில் கொண்டிருக்கலாம். ஆனால் விதியின் சொற்கள் அவற்றோடு நிற்கவில்லை. பாதசாரிக் கடப்பு இல்லாத ஆறுவழிச் சாலை, நடைமேடை இல்லாத மாநிலச் சாலை, அரவைப் பருவத்து லாரிப் போக்குவரத்து ஆகியனவும் சிறு குழந்தைக்கு வழியில் நேரும் இடரே.

இங்கிலாந்தில் நடைத் தொலைவு குறித்த வழக்கொன்றில் பிரபுக்கள் அவை 1986இல் இதே வினாவை எதிர்கொண்டது. துணையோடு செல்லும் குழந்தை ஓரளவு பாதுகாப்பாக நடக்கக்கூடிய வழியே கணக்கில் கொள்ளத்தக்க வழி என அது தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பெற்றோர் துணையைக் கட்டாயமாக்கியது என்னும் குறை உண்டு. உழைக்கும் பெற்றோர்க்கு அது எளிதன்று. ஆயினும் தூரத்தோடு வழியின் தன்மையும் சட்டத்தின் ஆய்வுக்குரியது என்பது அதனால் உறுதியாயிற்று. இந்திய விதியில் அத்தன்மை எழுத்திலேயே உள்ளது. பயன்படுத்தப்படாமல் உள்ளது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. திண்ணைப் பள்ளிக் காலத்தில் வழி குறுகியதாக இருந்தது. ஆனால் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1924ஆம் ஆண்டுத் தீர்மானம் தெருவைப் பொதுவாக்க முயன்றது. 1950களின் மைல் கோட்பாடு பள்ளியை எல்லாருடைய நடைத் தொலைவுக்கும் கொண்டுவந்தது. உணவுத் திட்டம் அந்நடையைப் பாதியாக்கியது. 1980களுக்குப் பின் தனியார் பள்ளித் தெரிவும் மோட்டார் வாகனமும் சேர்ந்து அருகமையைக் கலைத்தன. தூரம் குறைந்திருந்தும் வழி கடினமாயிற்று. வாகனத்தில் செல்லும் குழந்தைக்கு விதிகள் வந்தன. நடக்கும் குழந்தைக்கு வரவில்லை.

குழந்தையை நடக்க விடுவதா, வண்டியில் கொண்டு விடுவதா என்னும் வினா இன்று தனிப்பட்ட பெற்றோரின் மனச்சான்றுக்கு விடப்பட்டுள்ளது. வரலாறு அதனைப் பொது வினாவாகக் காட்டுகிறது. பள்ளி எங்கே அமைய வேண்டும், தெரு யாருக்கு உரியது ஆகிய இரண்டையும் தமிழகம் முன்பு அரசின் பொறுப்பாக ஏற்றுத் தீர்வு கண்டது. பள்ளி வாயில்களைச் சுற்றியுள்ள வழிகளை 6ஆவது விதியின் நோக்கில் ஊராட்சி ஒன்றிய அளவிலும் மாநகராட்சி வட்ட அளவிலும் அளவிடுவது அத்தீர்வின் அடுத்த படியாக அமையும். அவ்வளவீட்டுக்குத் திருவாலங்காடு போன்ற ஒன்றியங்கள் பொருத்தமான தொடக்கக் களங்கள். அங்குப் பள்ளிகள் இன்னும் நடைத் தொலைவில் உள்ளன. சீர்செய்ய வேண்டியது வழியே.